ஒரு குழவிக்கல்லும் ஒன்பது பிளென்ஹைம்களும்

இரண்டாம் உலகப் போரில் எங்கள் குடும்பத்துக்கு ஏற்பட்ட மொத்தச் சேதம் ஓர் அம்மிக்கல். இதைச் சொல்லி எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது, ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்களோடு டீ குடிக்கப் போகும்போது, பேச்சு கொஞ்சம் தொய்ந்தால் இந்தக் கதையை எடுத்துவிடுவேன். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் மெட்ராஸில் குண்டு போடப்போகிறான் என்று ஊரே காலியானது. தாத்தா அப்போது மண்ணடியில் குடியிருந்தார், பாரிமுனையில் ஒரு துணி மண்டியில் கணக்கெழுதும் வேலை. பாட்டி, மூன்று பிள்ளைகள், இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு மூட்டை அரிசி. எழும்பூரில் ரயில் ஏறி செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம், அங்கிருந்து மாட்டு வண்டியில் செய்யாறு பக்கம் பாட்டியின் அம்மா வீடு. கிளம்பும்போது பாட்டிக்கு இருந்த ஒரே கவலை அம்மி. நல்ல கருங்கல் அம்மி, சீர் வந்தது, தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் குழவியை மட்டும் பழைய புடவையில் சுற்றி மூட்டைக்குள் வைத்துக்கொண்டாராம், குழவி இல்லாத அம்மியை எவன் எடுப்பான் என்று. எடுத்துவிட்டான். ஆவணியில் திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி, கொல்லையில் அம்மி கிடந்த இடத்தில் மட்டும் நீளமாக ஒரு பள்ளம்.

குழவி இன்னும் எங்களிடம் இருக்கிறது. பாட்டி வேறு அம்மி வாங்கினார், அதோடு வேறு குழவியும் வந்துவிட்டது. பழையது கொஞ்ச காலம் கதவுக்கு முட்டுக் கொடுத்தது, அப்பா காலத்தில் ஊறுகாய் ஜாடியின் தட்டுமேல் பாரமாக உட்கார்ந்திருந்தது, இப்போது என் மேஜைக்கு வந்திருக்கிறது. பிளாஸ்டிக் விமானங்கள் செய்வது என் பொழுதுபோக்கு. இறக்கையின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் ஒட்டிவிட்டுப் பசை இறுகும்வரை அழுத்திவைக்க ஏதாவது கனமாக வேண்டும். குழவியைவிடத் தோதான பொருளை நான் எந்த ஹாபி கடையிலும் பார்த்ததில்லை. உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் தீப்பெட்டி அண்டக் கொடுத்தால் போதும்.

இந்த அம்மிக் கதையை இப்போதெல்லாம் என்னால் பழையபடி சொல்ல முடியவில்லை. காரணம் ஒரு கிட், பாகம் பாகமாகப் பெட்டியில் வந்து நாமே ஒட்டிச் செய்கிற விமானம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், அம்மியில் ஆரம்பித்துவிட்டேன். பரவாயில்லை, அதுவும் தேவைதான்.

தள்ளுபடியில் வந்தது

லண்டனிலிருந்து வந்த மைத்துனரிடம் ஏதாவது ஒரு விமான கிட் வாங்கி வாருங்கள், முடிந்தால் ஸ்பிட்ஃபயர் என்று சொல்லியிருந்தேன். அவர் கொண்டுவந்தது பிரிஸ்டல் பிளென்ஹைம் மார்க் 4, இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் குண்டு விமானம். கேட்டால், "இதுதாங்க பாதி விலைக்கு இருந்துச்சு, ரெண்டு இன்ஜின் வேற" என்றார். அவர் கணக்கில் இரண்டு இன்ஜின் என்பது லாபம். 1/72 அளவு, அதாவது நிஜத்தில் பதினேழு மீட்டர் இறக்கை மேஜைமேல் 24 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும், ஆள் ஒருவர் கிட்டத்தட்ட இரண்டரை சென்டிமீட்டர் உயரம் இருப்பார்.

போரூரில் இருக்கும் நண்பர் ஒருவர் என்னைவிடத் தீவிரமான மாடலர், அலமாரி நிறைய ஜெர்மன் டாங்கிகள். படம் எடுத்து அனுப்பினேன். "தோத்துப்போன பிளேன் சார் அது. சுட்டு விளையாட செஞ்சு விட்ட மாதிரி. எதுக்கு நேரத்தை வீணாக்கறீங்க" என்று பதில் வந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் எல்லோருக்கும் உள்ளூர ஒரு பட்டியல் உண்டு. ஸ்பிட்ஃபயர், மஸ்டாங், லங்காஸ்டர் எல்லாம் மேல்தட்டு. பிளென்ஹைம், ஃபேரி பேட்டில் போன்றவை 1940இல் கூட்டம் கூட்டமாகப் போய் விழுந்தவை, அதனால் கீழ்த்தட்டு. ஜெயித்த விமானத்துக்கு ஒரு அழகு தானாக வந்துவிடுகிறது, தோற்றதற்கு மூக்கு கோணல் என்று ஆரம்பித்துவிடுவோம்.

பிளென்ஹைமுக்கு நிஜமாகவே மூக்கு கோணல்தான். அதற்கு வருகிறேன்.

இந்த விமானம் பிறந்த கதை ஒரு பணக்காரரின் வீம்பு. 1934இல் டெய்லி மெயில் பத்திரிகையின் முதலாளி ராதர்மியர் பிரபு, ஐரோப்பாவிலேயே வேகமான சொந்த விமானம் தன்னிடம் இருக்கவேண்டும் என்று பிரிஸ்டல் கம்பெனியிடம் கேட்டார். அதே வருடம் அவருடைய பத்திரிகை இங்கிலாந்தின் பாசிஸ்ட் கருஞ்சட்டைக்காரர்களை வாழ்த்திக் கட்டுரை போட்டது என்பதையும் சேர்த்துப் படித்தால் ஆளின் ருசி புரியும். ஃபிராங்க் பார்ன்வெல் வடிவமைத்த அந்தப் பயணிகள் விமானம் 1935 ஏப்ரல் 12 அன்று ஃபில்ட்டனில் பறந்தது. சோதனையில் மணிக்கு 307 மைல் வேகம் போனது. அன்றைக்கு விமானப்படை ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்த இரட்டைத்தட்டு இறக்கைச் சண்டை விமானங்களால் இதைத் துரத்திப் பிடித்திருக்க முடியாது. அரசாங்கம் பதறிப்போய்ப் பார்க்க வந்தது, பிரபு அதற்கு 'முதலில் பிரிட்டன்' என்ற பொருளில் பெயர் வைத்து நாட்டுக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து வந்ததுதான் பிளென்ஹைம். குண்டு அறை, துப்பாக்கி மேடை, மூன்று பேர், வயர்லெஸ் என்று ஒவ்வொன்றாக ஏற்ற ஏற்ற வேகம் குறைந்தது. மார்க் 4 போகக்கூடிய அதிகபட்ச வேகம் 266 மைல். நான்கே வருடத்தில் எதிராளியான ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் சண்டை விமானம் 350ஐத் தாண்டிவிட்டது. ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவனைப் பிடித்து முதுகில் மூட்டை ஏற்றி, அடுத்த பந்தயத்துக்கும் நீதான் என்று அனுப்பியது மாதிரி. மூட்டையும் பெரிய மூட்டை கிடையாது, ஆயிரம் பவுண்டு, 450 கிலோ.

இன்னொன்றும் படித்தேன். புரொப்பெல்லர் இறகுகளின் கோணத்தை மாற்றும் பிடிகள் பைலட்டின் முதுகுக்குப் பின்னால் இருந்தனவாம். முன்னால் பார்த்து ஓட்டிக்கொண்டே கையைப் பின்னால் விட்டுத் தடவித் தடவி இழுக்கவேண்டும். நம்மூர் வேன் டிரைவர் பின்சீட்டுப் பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடுவது மாதிரி. இதையெல்லாம் போரூர் நண்பருக்கு அனுப்பி இரண்டு பேரும் சிரித்தோம். அதுவரை எனக்கு இது வெறும் கேலிப் பொருள்தான், அம்மிக் கதையைப் போல.

மூக்கு

மார்க் 1 பிளென்ஹைமுக்கு மூக்கு குட்டை. பைலட்டும் வழி பார்ப்பவரும் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி உட்காரவேண்டும். வழி பார்ப்பவர் என்றால் அப்சர்வர், வரைபடம் பார்ப்பதும் குண்டுக்குக் குறிபார்ப்பதும் அவர் வேலை. அவருக்கு மேஜை போட இடமில்லை என்று மூக்கைக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீட்டினார்கள். நீட்டியதும் பைலட்டுக்கு ஓடுதளம் தெரியவில்லை. சரி என்று இடதுபக்கம், பைலட்டுக்கு நேர் முன்னால் மட்டும், மூக்கின் மேல்பாகத்தைப் பள்ளமாக வழித்தெடுத்தார்கள். வலதுபக்கம் அப்படியே மேடு. முன்னாலிருந்து பார்த்தால் ஒரு புருவத்தைத் தூக்கிய மாதிரி இருக்கும்.

கிட்டில் இந்த மூக்கு முழுக்கக் கண்ணாடிப் பிளாஸ்டிக். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அதில் குட்டிக் குட்டியாகச் சட்டங்கள். சட்டத்துக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும், கண்ணாடிக்கு அடிக்கக் கூடாது. ஒவ்வொரு கண்ணாடிக்கும் அளவாக மாஸ்க்கிங் டேப்பை பிளேடால் நறுக்கி, இடுக்கியால் எடுத்து, பல்குச்சியால் மூலையில் அழுத்தி ஒட்டவேண்டும். இரண்டு ராத்திரி ஆனது. பூதக்கண்ணாடி வழியாக அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே இருந்ததால் அதன் உள்பக்கம் எனக்குப் பழகிய அறை மாதிரி ஆகிவிட்டது. அப்சர்வரின் இருக்கை ஒரு சின்னப் பலகை, அவ்வளவுதான். அவர் காலுக்கு முன்னால் கண்ணாடி, பக்கத்தில் கண்ணாடி, தலைக்கு மேல் கண்ணாடி. பைலட்டுக்காவது பிடித்துக்கொள்ளச் சக்கரம் இருக்கிறது. அந்த மூக்குக்கு அடியில் பின்பக்கமாகச் சுடுகிற ஒரு துப்பாக்கியை அப்புறம் மாட்டிவிட்டார்களாம். முன்னால் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தவர் முதுகுக்குப் பின்னால் வருகிறவனைச் சுடவேண்டும். இதைக் கேலி செய்து நண்பருக்கு ஒரு வரி தட்டச்சு செய்தேன், அனுப்பாமல் அழித்துவிட்டேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

கிட்டில் மூன்று பொம்மை மனிதர்கள் வருகிறார்கள். நான் வழக்கமாக ஆள் வைப்பதில்லை, காலி விமானம்தான் பார்க்கச் சுத்தமாக இருக்கும் என்பது என் கட்சி. இதிலும் வைக்கவேண்டாம் என்றுதான் ஆரம்பித்தேன்.

மூக்கை ஒட்டுகிற அன்று பிளாஸ்டிக் சிமெண்ட் பாட்டில் காய்ந்துபோயிருந்தது. ராத்திரி பத்து மணி, பொறுமை இல்லை. செருப்பு ஒட்ட வைத்திருந்த, தொட்டதும் பிடித்துக்கொள்ளும் பசையை எடுத்து இரண்டு சொட்டு வைத்து ஒட்டிவிட்டேன். இந்தத் தொழிலில் பால்வாடிப் பிள்ளைக்கே தெரிந்த விஷயம், அந்தப் பசையின் ஆவி கண்ணாடிப் பிளாஸ்டிக்கில் படிந்து வெள்ளையாகிவிடும். பதினைந்து வருடமாகச் செய்கிறேன், எனக்கும் தெரியும். காலையில் எழுந்து பார்த்தால் மூக்கு முழுக்க உள்ளேயிருந்து பனி படர்ந்த மாதிரி ஆகியிருந்தது. கண்புரை விழுந்த கண் மாதிரி என்றும் சொல்லலாம்.

கத்தி முனையால் நெம்பிக் கழற்றினேன், நல்லவேளை உடையவில்லை. உள்பக்கப் பனியை எடுக்க ஒரே வழி தேய்ப்பதுதான். முதலில் ஆயிரத்து ஐநூறு நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாக, அப்புறம் காதுக் குச்சியில் வெள்ளைப் பற்பசை. வட்டமாகத் தேய்க்கவேண்டும், அழுத்தக் கூடாது. ஒவ்வொரு கண்ணாடியாக மூன்று ராத்திரி தேய்த்தேன். கை தேய்த்துக்கொண்டிருக்கும், கண்ணுக்கு வேலை இல்லை, அதனால் போனில் பிளென்ஹைம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். 1939 செப்டம்பர் 3, போர் அறிவித்த அன்றே ஜெர்மன் கரையைத் தாண்டிப்போய்ப் படமெடுத்த முதல் பிரிட்டிஷ் விமானம் இதுதான். மறுநாள் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் கப்பல்களைத் தாக்கப் போனதில் 107ஆம் படைப்பிரிவிலிருந்து போன ஐந்தில் நான்கு திரும்பவில்லை. இரண்டாவது நாளே தெரிந்துவிட்டது. ஆனாலும் 1941 முடியும்வரை பகலிலேயே அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது ராத்திரிதான் இலங்கை வந்தது.

வருஷப் பிறப்புக்கு முன்னால்

1942 மார்ச்சில் 11ஆம் படைப்பிரிவின் பிளென்ஹைம்கள் மத்தியக் கிழக்கிலிருந்து கொழும்புக்கு வந்து இறங்கின. இறங்கிய இடம் கொழும்புக் குதிரைப் பந்தய மைதானம், அதைத்தான் அவசரத்துக்கு விமானத்தளமாக்கியிருந்தார்கள். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அதே சமயத்தில் வங்காள விரிகுடாவில் இன்னொரு ஜப்பானியப் படை இருபதுக்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தது, 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி காலை திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும், எவாக்குவேஷன் கதைக்கு முன்கதை என்ற அளவில். எங்கள் வீட்டில் அதை எவாக்குவேஷன் என்றுதான் சொல்வார்கள், ஆங்கிலமே தெரியாத பாட்டியும் "எவாக்குவேஷன் வருஷம்" என்றுதான் வயது கணக்குச் சொல்வார்.

தெரியாதது இதுதான். அந்த 9ஆம் தேதி, கொழும்புப் பந்தய மைதானத்திலிருந்து கிளம்பிய ஒன்பது பிளென்ஹைம்கள், கூடத் துணைக்கு ஒரு சண்டை விமானமும் இல்லாமல், கடலுக்கு மேல் தேடிக்கொண்டே போய் நகுமோவின் கப்பல்களைக் கண்டுபிடித்தன. அகாகி என்ற தலைமைக் கப்பல், பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே கப்பல், கீழே நின்றது. பதினோராயிரம் அடி உயரத்திலிருந்து குண்டு போட்டார்கள். கப்பலைச் சுற்றித் தண்ணீர் மரம்போல எழும்பியபோதுதான் மேலே விமானம் இருப்பதே கீழே இருந்தவர்களுக்குத் தெரிந்தது. அவ்வளவு நேரம் யாரும் பார்க்கவில்லை. ஆனால் ஒரு குண்டும் கப்பலில் படவில்லை. அப்புறம் ஜீரோ என்ற ஜப்பானியச் சண்டை விமானங்கள் ஏறி வந்தன. அங்கேயே நான்கு பிளென்ஹைம்கள் விழுந்தன, திரும்பும் வழியில் ஐந்தாவது. நான்கு திரும்பி வந்தன. அந்தக் கப்பல் கூட்டத்தை மேற்கு நாட்டு விமானங்கள் தேடிப்போய்த் தாக்கியது அதுதான் முதல் தடவை என்று எழுதுகிறார்கள்.

காதுக் குச்சியைக் கீழே வைத்துவிட்டேன்.

எனக்கு உறைத்தது தேதி. மறுநாள் காலை கொளத்தூரில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டேன். அப்பாவின் அக்கா, 1942இல் ஏழு வயது, அந்த ரயிலில் போனவர்களில் இன்று இருப்பது அவர் ஒருவர்தான். "அத்தை, எவாக்குவேஷனுக்குக் கிளம்பினது என்னிக்குன்னு ஞாபகம் இருக்கா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. "வருஷப் பொறப்புக்கு ரெண்டு நாள் முன்னாடி. ஆயா வீட்லதான் மாங்கா பச்சடி சாப்பிட்டோம். வேப்பம்பூ பொறுக்கறதுக்கு என்னையும் இட்டுக்கினு போனாங்க." அப்படியென்றால் ஏப்ரல் 11, அல்லது 12. மெட்ராஸ் அரசாங்கம், வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போங்கள் என்று சொன்னதும் அந்த வாரத்தில்தான். மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம், புலியையெல்லாம் குண்டு விழுந்தால் தப்பி வெளியே வந்துவிடுமோ என்று சுட்டுக் கொன்றார்களே, அதுவும் அப்போதுதான்.

ஆக, பாட்டி குழவியைப் புடவையில் சுற்றிக்கொண்டிருந்தபோது நகுமோ கப்பல்களைத் திருப்பிக்கொண்டு மலாக்கா பக்கம் போய்க்கொண்டிருந்தார். வராதவனுக்குப் பயந்து ஊர் ஓடியது என்பதுதான் என் கதையின் சிரிப்பே. (1943 அக்டோபரில் ஒற்றை விமானம் ஒன்று வந்து மெட்ராஸில் குண்டு போட்டுவிட்டுப் போனது, அதை நான் கதையில் சேர்ப்பதில்லை, சுவாரசியம் கெட்டுவிடும்.) கதை இப்போதும் உண்மைதான், ஒரு எழுத்துகூட மாற்றவேண்டியதில்லை. ஆனால் அந்த ரயிலுக்கு இரண்டு நாள் முன்னால் அதே கடலில், நான் மூன்று ராத்திரியாகப் பற்பசை போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த இந்த மூக்குக்குள், ஒன்பது பேர் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கீழே கப்பலைப் பார்த்தவர்கள் அவர்கள்தான், குண்டுக்குக் குறிபார்த்ததும் அவர்கள்தான்.

இங்கே ஒரு ஆசை வரும், எனக்கும் வந்தது. அந்த ஒன்பது பேரால்தான் ஜப்பான்காரன் திரும்பிப் போனான், மெட்ராஸ் பிழைத்தது, இது எங்கள் பாட்டியைக் காப்பாற்றிய விமானம் என்று எழுதிவிடலாம். நல்ல பதிவாக இருக்கும், நாலு பேர் பகிர்வார்கள். ஆனால் அது பொய். ஒரு குண்டும் படவில்லை. நகுமோ வந்த வேலை முடிந்து போனார், பசிபிக்கில் அவருக்கு வேறு வேலை இருந்தது. அந்த விமானங்கள் போகாமலே இருந்திருந்தாலும் பாட்டி அதே ரயிலில் ஏறியிருப்பார், அம்மியும் அதே மாதிரி போயிருக்கும். அவர்கள் மண்ணடியைக் காப்பாற்றக் கிளம்பியவர்களும் கிடையாது. அதே அரசாங்கம்தான் நான்கு மாதம் கழித்து ஆகஸ்டில் காங்கிரஸ்காரர்களைக் கொத்தாகப் பிடித்து உள்ளே போட்டது. வெள்ளைக்காரன் குண்டு விமானத்துக்கு நான் ஏன் உருகவேண்டும் என்று எனக்கே கேள்வி இருக்கிறது. மனைவி நேரடியாகவே கேட்டுவிட்டார், "சாமி படம் மாதிரி அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்களே" என்று. பதில் சொல்லத் தெரியவில்லை. ஜூன் மாதம் பசிபிக்கில் மிட்வே தீவுக்கு அருகே நடந்த சண்டையில் இதே அகாகி, இதே மாதிரி மேலே வந்த விமானங்களைக் கடைசி நிமிடம்வரை பார்க்காமல் விட்டுத்தான் மூழ்கியது என்று சொன்னேன். அது கேள்விக்குப் பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

அதற்கப்புறம் டீகால் பிரச்சினை. தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்து ஒட்டுகிற எழுத்துகள்தான் டீகால். என் பெட்டியில் வந்தவை 82ஆம் படைப்பிரிவின் யூஎக்ஸ் எழுத்துகள். இதை 11ஆம் படைப்பிரிவின் கொழும்பு விமானமாக மாற்றிவிடலாமே என்று தோன்றி, எழுத்துகளைத் தனியாக அச்சடிக்க ஆள்கூடப் பார்த்துவிட்டேன். ஒட்டாமல் விடப்போகிறோமே, இந்த 82 யார் என்று பார்ப்போம் என்று தேடினேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். இங்கிலாந்தில் வாட்டன் என்ற ஊரில் இருந்தவர்கள். 1940 மே 17, பெல்ஜியத்தில் ஜெம்ப்லூ அருகே ஜெர்மன் டாங்கி வரிசையைத் தாக்கப் பன்னிரண்டு பிளென்ஹைம்கள் போயின. ஒன்று திரும்பியது. படைப்பிரிவையே கலைத்துவிடலாம் என்று மேலிடத்தில் பேச, தலைவராக இருந்த பாண்டன் பிரபு சண்டை போட்டுச் சில நாட்களிலேயே ஆள் சேர்த்து மறுபடி பறக்கவைத்தார். ஆகஸ்ட் 13, டென்மார்க்கின் ஆல்போர் விமானத்தளத்துக்கு மறுபடி பன்னிரண்டு. ஒன்று வழியில் திரும்பிவிட்டது, மீதிப் பதினொன்றும் விழுந்தன. முப்பத்துமூன்று பேர். இருபது பேர் இறந்தார்கள், பதின்மூன்று பேர் கைதிகளானார்கள். மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை கிட்டத்தட்ட மொத்தமாக.

கிட்டின் வழிமுறைத் தாளில் படைப்பிரிவு எண் இருக்கிறது, அடிக்கவேண்டிய பச்சை, பழுப்பு நிறங்களின் பெயிண்ட் நம்பர் இருக்கிறது. வேறொன்றும் இல்லை. இருக்கவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை, விளையாட்டுச் சாமான் பெட்டியில் இழவுச் செய்தி போடமாட்டார்கள். ஆனால் இதைப் படித்த பிறகு அந்த எழுத்துகளைக் குப்பையில் போட்டுவிட்டு எங்கள் வீட்டுக் கதைக்குத் தோதாகக் கொழும்பு எழுத்துகளை ஒட்டக் கை வரவில்லை. அச்சடிக்கிறவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யூஎக்ஸ் எழுத்துகளையே ஊறப்போட்டு ஒட்டினேன். மூன்று பொம்மைகளையும் உள்ளே வைத்தேன். அப்சர்வரை ஒட்டியபோது முழங்கை இடித்தது, கொஞ்சம் அரம் போட்டுத் தேய்க்கவேண்டியிருந்தது.

மூக்குக் கண்ணாடி முழுசாகத் தெளியவில்லை. வலதுபக்கம் கீழ் மூலையில், அவர் கால் இருக்கும் இடத்தில், லேசான பால் நிறம் மிச்சம் நிற்கிறது. புது மூக்கு வரவழைக்கலாம் என்று நண்பர் சொன்னார். வேண்டாம் என்றேன்.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு தகவல், மனசுக்கு ஆறுதலாக இருந்ததால் சொல்கிறேன். இன்றைக்கு உலகத்தில் பறக்கிற நிலையில் பிளென்ஹைம் ஒன்றே ஒன்று, இங்கிலாந்தில் டக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. 1987இல் ஒன்றைத் தயார் செய்து பறக்கவிட்டார்கள், ஒரு மாதத்தில் விழுந்தது. இன்னொன்றைத் தயார் செய்து 1993இல் பறக்கவிட்டார்கள், அது 2003இல் தரையிறங்கும்போது அடிபட்டது. விடாமல் மறுபடி உட்கார்ந்து 2014இல் பறக்கவைத்தார்கள், இந்தத் தடவை குட்டை மூக்கு மார்க் 1 ஆக. அந்த மூக்கு எங்கே கிடைத்தது தெரியுமா? போர் முடிந்ததும் பிரிஸ்டலில் வேலை பார்த்த ஒருவர் பழைய பிளென்ஹைமின் மூக்கைக் காயலான் விலைக்கு வாங்கி, ஆஸ்டின் செவன் காரின் அடிச்சட்டத்தில் பொருத்தி, பேட்டரி வைத்து மின்சாரக் காராக ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காரின் மூக்குதான் இப்போது ஆகாயத்தில் போகிறது.

பொங்கலுக்கு அத்தை வந்திருந்தார். மேஜைமேல் பிளென்ஹைம் முடிந்து நின்றது, எண்ணெய்க் கசிவுக் கறையெல்லாம் போட்டு எனக்குத் திருப்தியாக வந்திருந்தது. கையில் எடுத்துக் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"எத்தினி பேருடா உக்காருவாங்க இதுல?"

"மூணு பேர் அத்தை."

நீங்கள் ரயில் ஏறினீர்களே, அதற்கு ரெண்டு நாள் முன்னால் இந்த மாதிரி ஒன்பது விமானம் ஜப்பான் கப்பலைத் தேடிப் போச்சு, நாலுதான் திரும்பிச்சு என்றேன். குண்டு படவில்லை என்பதையும் சொன்னேன். அவர் விமானத்தைத் திருப்பி மூக்குப் பக்கமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்களுக்கு ஒருத்தரும் சொல்லலியே" என்றார். "எங்கப்பா தினம் பேப்பர் படிப்பாரு. அவரும் சொல்லல."

விமானத்தைப் பத்திரமாக மேஜையில் வைத்தார். வைக்கும்போது அவர் கை குழவியில் பட்டது. அதில் நான் பிரஷ் துடைத்துத் துடைத்துப் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

"இது எங்கம்மா குழவி இல்ல? ஏண்டா இத்த இப்புடிப் பண்ணி வெச்சிருக்க?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குழவியை மடியில் வைத்துக்கொண்டு, நகத்தால் பெயிண்ட்டைச் சுரண்ட ஆரம்பித்தார். தின்னர் தருகிறேன் அத்தை, அதில் துடைத்தால் உடனே போய்விடும் என்றேன். காதில் வாங்கவில்லை. சாப்பிடக் கூப்பிடும்வரை சுரண்டிக்கொண்டிருந்தார், கிளம்பும்போது பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த கிட் பிரித்து இறக்கை ஒட்டி வைத்திருக்கிறேன், இப்போதைக்கு மேலே இரண்டு டெலிபோன் டைரக்டரி.